ஏரியின் மேல் எழுந்த புகை... அரங்கம் எரிந்தும் அணையாத இசை!

1971, டிசம்பர் 4. சனிக்கிழமை பிற்பகல். சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கும் மான்ட்ரோ நகரம். அங்குள்ள கேசினோ அரங்கில் இளைஞர் கூட்டம் நிரம்பியிருந்தது. மேடையில் அமெரிக்க இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸப்பாவும் அவருடைய ‘மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன்’ குழுவும். குளிர்காலத்துக்காக கேசினோவை மூடுவதற்கு முன் நடந்த கடைசிக் கச்சேரி அது.

நிகழ்ச்சி முடியப்போகும் நேரம். கூட்டத்தில் இருந்த யாரோ ஒருவர் தீப்பொறி பறக்கவிடும் துப்பாக்கியை எடுத்து மேல்நோக்கிச் சுட்டார். கூரை பற்றிக்கொண்டது. முதலில் அது நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்தவர்களும் உண்டு. பாட்டு நின்றது. பதற்றப்படாமல் வெளியேறச் சொல்லி மேடையிலிருந்து குரல் வந்தது. சிறிது நேரத்தில் கட்டடம் முழுவதும் தீ. உள்ளே சிக்கியவர்களை வெளியே இழுத்துக் காப்பாற்றியவர்களில் ஒருவர், அந்த ஊரின் சுற்றுலா அலுவலகத்தில் வேலை பார்த்த கிளாட் நோப்ஸ்.

1881-ல் கட்டப்பட்ட கேசினோ சாம்பலானது. ஸப்பா குழுவின் இசைக்கருவிகள் அத்தனையும் போயின. ஆனால், ஒரு உயிர்கூடப் போகவில்லை.

எரிந்தது வெறும் சூதாட்ட விடுதி அல்ல. அந்த ஊரின் பெரிய இசை அரங்கமும் அதுதான். நான்கைந்து வருடங்களாக நோப்ஸ் பாடுபட்டு வளர்த்த இசை விழாவின் வீடும் அதுதான். ‘இனி மான்ட்ரோவில் ராத்திரிகள் அவ்வளவுதான்’ என்று அன்று யாராவது சொல்லியிருந்தால், மறுத்துப் பேச ஆள் இருந்திருக்காது.

இன்றோ ஜூலை மாதம் வந்தால் உலகமே அந்தக் கரையில்தான் இருக்கிறது. சுமார் 26,000 பேர் வாழும் ஊருக்கு, இரண்டு வாரங்களில் ஏறத்தாழ 2.5 லட்சம் பேர் வருகிறார்கள். நடுவில் என்ன நடந்தது?

ஓய்வெடுக்க மட்டுமே வந்த ஊர்

மான்ட்ரோவுக்கு இயற்கை ஒரு குறையும் வைக்கவில்லை. ஒரு பக்கம் ஆல்ப்ஸ் மலை. மறுபக்கம் சுமார் 580 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துகிடக்கும் ஏரி. அதன் தென்கரையின் பெரும்பகுதி பிரான்ஸ் நாட்டுக்குச் சொந்தம். வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றை மலைகள் தடுப்பதால், சுவிட்சர்லாந்தில் இருந்தும் இந்தக் கரையோரத்தில் பனைவகை மரங்கள் வளர்கின்றன. நடந்தே போய்விடும் தொலைவில் தண்ணீரை ஒட்டி நிற்கிறது சில்லான் கோட்டை. ஆங்கிலக் கவிஞர் பைரன் 1816-ல் அதை வைத்து ஒரு கவிதை எழுதியதும் ஐரோப்பியப் பயணிகள் வரிசைகட்டி வந்தார்கள்.

கலைஞர்களும் வந்தார்கள். மான்ட்ரோவின் ஒரு பகுதியான கிளாரன்ஸில் 1878-ல் தங்கியிருந்தபோதுதான் ரஷ்ய இசைமேதை சைக்காவ்ஸ்கி தன் புகழ்பெற்ற வயலின் கான்செர்ட்டோவை எழுதினார். ஸ்ட்ராவின்ஸ்கி தன் ‘ரைட் ஆஃப் ஸ்பிரிங்’ படைப்பின் பெரும்பகுதியை எழுதியதும் அதே கிளாரன்ஸில்தான். ‘லொலீட்டா’ நாவலை எழுதிய நபக்கோவ், 1961 முதல் தன் கடைசிக்காலம் வரை மான்ட்ரோவின் ஒரு ஹோட்டலிலேயே குடியிருந்தார். சார்லி சாப்ளின் தன் கடைசி இருபத்துச் சொச்சம் வருடங்களைக் கழித்தது பக்கத்து ஊரில்.

ஆனால், இவர்கள் எல்லோரும் தேடி வந்தது அமைதியை. ஊரும் அதைத்தான் விற்றது. இரண்டு உலகப் போர்கள் வந்து ஹோட்டல்களைக் காலிசெய்தபோது, அமைதியை மட்டும் நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்பது புரிந்தது. இளைஞர்கள் வராத சுற்றுலாத் தலம் மெள்ள முதியோர் இல்லமாகிவிடும். இந்தக் கவலைக்கு மருந்து தேடும் வேலை, சுற்றுலா அலுவலகத்தின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

சமையல்காரர் நடத்திய விழா

கிளாட் நோப்ஸ் 1936-ல் மான்ட்ரோவில் பிறந்தவர். அப்பா ரொட்டி சுடுபவர், அம்மா செவிலியர். நோப்ஸ் முறையாகக் கற்ற தொழில் சமையல். பிறகு சுற்றுலா அலுவலக வேலை. மனசு முழுக்க இசை. ஹார்மோனிகா வாசிப்பார்.

1964-ல் அவர் ஊருக்கு அழைத்துவந்த ஓர் இளைஞர் குழுவின் பெயர் ரோலிங் ஸ்டோன்ஸ். பிரிட்டனுக்கு வெளியே அவர்கள் வாசித்த முதல் நிகழ்ச்சிகளில் அதுவும் ஒன்று. பிறகு நியூயார்க் போனவர், முன்அனுமதி எதுவும் வாங்காமல் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்குள் நுழைந்தார். அங்கே இருந்த நெசுஹி எர்டெகுன், அமெரிக்க ஜாஸ் உலகின் பெரும்புள்ளிகளில் ஒருவர். ஏரிக்கரையிலிருந்து வந்த சுவிஸ்காரருக்கு அவர் கதவைத் திறந்துவிட்டார். அங்கே தொடங்கிய நட்பு, பின்னாளில் பல அமெரிக்கக் கலைஞர்களை மான்ட்ரோவுக்குக் கொண்டுவந்தது.

1967-ல் மூன்றே நாள் விழாவாக மான்ட்ரோ ஜாஸ் திருவிழா பிறந்தது. நோப்ஸுடன் கைகோத்தவர்கள் இசைக்கலைஞர் ஜியோ வூமார், பத்திரிகையாளர் ரெனே லாங்கல். சாக்ஸஃபோன் கலைஞர் சார்லஸ் லாயிடின் குழு வந்து வாசித்தது. அந்தக் குழுவில் பியானோவில் அமர்ந்திருந்த இளைஞர் கீத் ஜாரெட்.

அடுத்த வருடம் பியானோ கலைஞர் பில் எவான்ஸ் அங்கே வாசித்த கச்சேரி இசைத்தட்டாக வந்து கிராமி விருது வாங்கியது. அதன் அட்டையில் இருந்தது சில்லான் கோட்டை. எந்த விளம்பர நிறுவனத்தாலும் கொடுக்க முடியாத விளம்பரம். 1969-ல் பியானோ கலைஞர் லெஸ் மெக்கேனும் சாக்ஸஃபோன் கலைஞர் எடி ஹாரிஸும் சரியான ஒத்திகைகூட இல்லாமல் மேடையேறினார்கள். அந்த இசைத்தட்டும் அமோகமாக விற்றது. ‘மான்ட்ரோவில் பதிவானது’ என்ற வார்த்தைக்கே ஒரு மதிப்பு வந்தது.

இதில் நோப்ஸின் சூத்திரம் எளிமையானது. வரும் கலைஞரை ஒப்பந்தக்காரராகப் பார்க்காமல் விருந்தாளியாகப் பார்த்தார். மலைமேல் கோ கிராமத்தில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்துப் போவார். தானே சமைத்துப் பரிமாறுவார். சாப்பாடு போட்டவர் மேடையில் ஹார்மோனிகாவுடன் வந்து நின்றால், எந்தக் கலைஞருக்குத்தான் மனம் நிறையாது?

கதவைத் தட்டிய போலீஸ்

தீ விபத்து நடந்த அன்று அரங்கில் இன்னொரு குழுவும் இருந்தது. இங்கிலாந்தின் டீப் பர்ப்பிள். கேசினோ மூடியதும், அந்தக் காலி அரங்கில் தங்கள் அடுத்த ஆல்பத்தைப் பதிவுசெய்வது அவர்கள் திட்டம். அதற்காக ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் ஒலிப்பதிவு வண்டியை வாடகைக்கு எடுத்து வந்திருந்தார்கள். இப்போது வண்டி இருக்கிறது; அரங்கம் இல்லை. ஹோட்டலில் இருந்து பார்த்தால், ஏரித் தண்ணீருக்கு மேல் படுதாவாகப் படர்ந்திருந்தது புகை.

நோப்ஸ் தன் ஊருக்கு வந்த விருந்தாளிகளை வெறுங்கையோடு அனுப்பவில்லை. ‘பெவிலியன்’ என்ற பழைய அரங்கைப் பிடித்துக்கொடுத்தார். ராத்திரி நேரம். கிட்டாரிஸ்ட் ரிச்சி பிளாக்மோர் ஒரு புதிய மெட்டை வாசிக்க, டிரம்ஸும் சேர்ந்துகொள்ள, அக்கம்பக்கத்தார் தூக்கம் போனது. போலீஸுக்குப் புகார் பறந்தது. போலீஸ் வந்து கதவைத் தட்ட, பதிவு முடியும்வரை குழுவின் உதவியாளர்கள் உள்ளே கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மெட்டு பதிவானது. அரங்கைக் காலிசெய்ய வேண்டியதாயிற்று.

கடைசியில் கிடைத்தது, குளிர்காலத்துக்காக மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டல். தாழ்வாரத்தில் மெத்தைகளை நிறுத்தி எதிரொலியைத் தடுத்து, வெளியே நின்ற வண்டிக்குக் கம்பி இழுத்து, அங்கேயே மிச்ச ஆல்பத்தை முடித்தார்கள். தீ விபத்துக்குச் சில நாள்கள் கழித்து, தூக்கத்திலிருந்து விழித்த பேஸ் கிட்டாரிஸ்ட் ரோஜர் க்ளோவருக்கு ஒரு வாசகம் தோன்றியது. ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’. அதாவது, தண்ணீரின் மேல் புகை. பெவிலியனில் அவசர அவசரமாகப் பதிவான மெட்டுக்கு அதுவே தலைப்பானது. தீப்பிடித்த கதை முழுவதும் பாட்டில் வந்தது. நோப்ஸின் பெயரும் வந்தது.

1972-ல் ‘மெஷின் ஹெட்’ ஆல்பத்தில் வெளியான அந்தப் பாட்டின் தொடக்க மெட்டு, இன்றைக்கும் கிட்டார் வகுப்பில் சேரும் பிள்ளைகள் முதலில் வாசித்துப் பார்க்கும் மெட்டுகளில் ஒன்று. பாடியவர் யார் என்று தெரியாத பிள்ளைக்குக்கூட மெட்டு தெரியும். எரிந்துபோன ஓர் அரங்கம் தன் ஊரின் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

ஏரியைப் பார்த்தபடி ஃப்ரெடி

விழா நிற்கவில்லை. ஊரின் மற்ற அரங்குகளில் நடந்தது. புதிய கேசினோ 1975-ல் திறக்கப்பட்டது. தீயில் கற்ற பாடமோ என்னவோ, இந்த முறை கட்டடத்துக்குள்ளேயே ‘மவுன்டன் ஸ்டூடியோஸ்’ என்ற ஒலிப்பதிவுக் கூடமும் இருந்தது. 1978-ல் அங்கே பதிவுசெய்ய வந்த ‘குயீன்’ குழுவுக்கு அந்த இடம் பிடித்துப்போய், 1979-ல் கூடத்தையே விலைக்கு வாங்கிவிட்டார்கள். 1981-ல் டேவிட் போவி அங்கே வந்து சேர, இரு தரப்பும் கூடி உருவாக்கியதுதான் ‘அண்டர் பிரஷர்’.

குயீனின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி, இந்திய பார்சி பெற்றோருக்கு ஸான்ஸிபாரில் பிறந்து, மகாராஷ்டிராவின் பஞ்ச்கனியில் பள்ளிப் படிப்பு படித்தவர். உலகம் முழுக்க மைதானங்களை அதிரவைத்த அவர், நோய் முற்றிய நாள்களில் தேடி வந்தது மான்ட்ரோவின் அமைதியை. 1991-ல் உடம்பு ஒத்துழைத்த நாள்களில் ஸ்டூடியோவுக்கு வந்து பாடிக்கொடுத்தார். ‘மதர் லவ்’ பாட்டின் கடைசிப் பகுதியைப் பாட அவருக்கு அவகாசம் கிடைக்கவில்லை. அதைக் குழுவின் கிட்டாரிஸ்ட் பிரையன் மே பாடி முடித்தார். அந்த நவம்பர் 24-ம் தேதி ஃப்ரெடி மறைந்தார். மான்ட்ரோவில் பதிவான அவர் குரல், 1995-ல் ‘மேட் இன் ஹெவன்’ ஆல்பமாக வந்தது.

1996 நவம்பரில் ஏரிக்கரையில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். ஒரு கையை வானத்தை நோக்கி உயர்த்தி, ஏரியைப் பார்த்தபடி நிற்கிறார். இன்றுவரை அந்தச் சிலையின் காலடியில் பூக்களை வைத்துவிட்டுப் போகிறார்கள் ரசிகர்கள். கேசினோவில் இருந்த ஸ்டூடியோ இப்போது குயீன் அருங்காட்சியகம்.

கடமும் ஏறிய மேடை

பெயர்தான் ஜாஸ் விழா. ப்ளூஸ், சோல், ராக், பிரேசில் இசை என்று நோப்ஸ் எல்லாவற்றுக்கும் இலை போட்டார். ‘ஜாஸ் விழாவில் ராக் எதற்கு?’ என்ற முணுமுணுப்பு எழாமலில்லை. சமையல் படித்தவருக்கு, ஒரே பதார்த்தத்தை வைத்து விருந்து நடத்த முடியாது என்பது தெரிந்திருந்தது.

1976-ல் அந்த மேடையில் ஒரு மண்பானையும் ஏறியது. ஆங்கிலேய கிட்டாரிஸ்ட் ஜான் மெக்லாஃப்லின் தொடங்கிய ‘சக்தி’ குழு வாசித்த நாள் அது. வயலினில் எல்.சங்கர், தபேலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் டி.எச்.விநாயக்ராம். சபாக்களில் பெரும்பாலும் மிருதங்கத்துக்குத் துணையாக உட்காரும் கடம், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் ஜாஸ் ரசிகர்களுக்கு முன் தனக்கென ஒரு இடத்தோடு ஒலித்தது. அந்தக் கச்சேரியை இன்றும் கேட்க முடிகிறது. காரணம், நோப்ஸின் இன்னொரு பிடிவாதம்.

காற்றில் போகவிடாத மனிதர்

கச்சேரி என்பது அந்தந்த ராத்திரியோடு முடிந்துபோகும் விஷயம். கேட்டவர் காதில் கொஞ்சம் தங்கும். மிச்சம் காற்றோடு போய்விடும். நோப்ஸுக்கு அதில் சம்மதமில்லை. தொடக்கத்திலிருந்தே விழாவைப் பதிவுசெய்தார். ஒலி மட்டுமல்ல, படமும். காசு கொடுத்து வாங்கக்கூடிய மிகச் சிறந்த கருவி எதுவோ, அதை வைத்துப் பதிவுசெய்தார். ஹெச்.டி. தொலைக்காட்சி வீடுகளுக்கு வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே, 1991-ல் ஹெச்.டி. கேமராக்களை விழாவுக்குக் கொண்டுவந்தார்.

அதே 1991 ஜூலை 8-ம் தேதி, ட்ரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ், குவின்சி ஜோன்ஸ் நடத்திய இசைக்குழுவுடன் அந்த மேடையில் தன் பழைய படைப்புகளை வாசித்தார். வழக்கமாகப் பழசைத் திரும்பிப் பார்க்காதவர் அவர். இரண்டரை மாதம் கழித்து, செப்டம்பர் 28-ம் தேதி காலமானார். அன்று கேமரா ஓடாமல் இருந்திருந்தால், அந்த ராத்திரி அங்கே இருந்தவர்களின் நினைவில் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

இப்படிச் சேர்ந்தவை 5,000 மணி நேரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள். ஆனால், காந்த நாடாவுக்கும் ஆயுள் உண்டு. ஈரம் பட்டால் மேல்பூச்சு உதிரும். நாடா நன்றாக இருந்தாலும், அதை ஓட்டும் கருவி உற்பத்தியிலிருந்து போய்விடும். தீயில் ஒரே நாளில் போனது கேசினோ. நாடாவோ சத்தமில்லாமல் வருடக்கணக்கில் போகும். அதனால் லோசான் நகரின் இ.பி.எஃப்.எல். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து, அத்தனை நாடாக்களையும் டிஜிட்டலாக மாற்றும் வேலை 2010 வாக்கில் தொடங்கியது.

அதன் முழுப் பலனைப் பார்க்க நோப்ஸ் இல்லை. 2012 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், வீட்டருகே பனிச்சறுக்கின்போது விழுந்தவர் கோமாவுக்குப் போனார். 2013 ஜனவரி 10-ம் தேதி, 76 வயதில் மறைந்தார். அதே வருடம், அவர் சேர்த்துவைத்த இசைப் பதிவுகளை ‘உலகின் நினைவகம்’ பட்டியலில் சேர்த்தது யுனெஸ்கோ.

2017-ல் இன்னொரு சோதனை. இந்தப் பெட்டகத்திலிருந்து இரண்டு பாட்டுகளை எடுத்து, டி.என்.ஏ. மூலக்கூறுகளாக எழுதிவைத்தார்கள். கணினியின் பூஜ்யம், ஒன்று கணக்கை, உயிர்களின் மரபணு பேசும் நான்கு எழுத்துகளுக்கு மாற்றும் முறை இது. குளிர்ச்சியாக, ஈரமில்லாமல் வைத்தால் ஆயிரக்கணக்கான வருடங்கள் தாங்கும் என்கிறார்கள். எழுதியதைத் திரும்பப் படித்தபோது ஒரு துளியும் மாறாமல் பாட்டு வந்தது. ஒன்று, மைல்ஸ் டேவிஸின் ‘டுட்டு’. இன்னொன்று, வேறெது? ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’தான்.

ஏரிக்குள் ஒரு மேடை

விழாவின் பெரிய அரங்கம் 1993 முதல் ஏரிக்கரையில் இருக்கும் ஸ்ட்ராவின்ஸ்கி ஆடிட்டோரியம். சுமார் 4,000 பேர் கொள்ளும். உள்ளே போக டிக்கெட் வேண்டும். அது எல்லோருக்கும் கட்டுப்படியாகும் விலையல்ல. ஆனால், விழாவின் பெரும்பகுதி இலவசம். கரையோர நடைபாதை முழுக்க உணவுக் கடைகள், சின்னச் சின்ன மேடைகள். தாத்தா பாட்டியும் வருகிறார்கள். குழந்தையைத் தோளில் தூக்கிவைத்த அப்பாவும் வருகிறார். பெரிய மேடையில் வாசித்து முடித்த கலைஞர்கள், நள்ளிரவுக்கு மேல் நடக்கும் கூட்டு வாசிப்புகளில் வந்து கலந்துகொள்வதும் உண்டு.

2020-ல் கொரோனாவால் முதன்முறையாக விழா ரத்தானது. மறு வருடமே திரும்பி வந்தார்கள். கட்டுப்பாடுகளுக்கு ஏற்பச் சின்னதாக, கரையிலிருந்து 25 மீட்டர் தள்ளி ஏரித் தண்ணீருக்குள்ளேயே மேடை கட்டினார்கள். பிறகு அரங்கம் புதுப்பிப்பு வேலைக்காக மூடப்பட்டபோது, 2024-லும் 2025-லும் பெரிய மேடை மறுபடியும் ஏரிக்கு வந்தது. அரங்கம் இல்லையென்றால் விழா இல்லை என்ற பேச்சுக்கே அந்த ஊரில் இடமில்லை. 1971-லேயே அதைப் பழகிவிட்டார்கள்.

அதே தண்ணீருக்கு மேல்தான் அன்று புகை படர்ந்தது. ஜூலை ராத்திரிகளில் இப்போது அங்கே படர்வது மேடை வெளிச்சமும் பாட்டுச் சத்தமும். கொஞ்சம் தள்ளி, ஃப்ரெடி கையை உயர்த்தியபடி நிற்கிறார். டிக்கெட் வாங்கக் காசில்லாத பிள்ளைகள், அவரைத் தாண்டி, கரைக் கம்பியில் சாய்ந்தபடி இலவசமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.